கிராபிக்ஸ் கார்டு: சேலத்து வெயிலில் வேகத்தை ஏற்றுவதா, வோல்டேஜைக் குறைப்பதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். சேலத்தில், ஏசி இல்லாத அறையில், நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மார்ச் முதல் ஜூன் வரை ஓட்டப் போகிறீர்கள் என்றால் கோர் க்ளாக்கை, அதாவது சிப் ஓடும் வேகத்தை, ஏற்றுவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வோல்டேஜைக் குறையுங்கள், மெமரி வேகத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். அதே கார்டு ஏற்காட்டில் இருந்தாலோ, மார்கழி தை மாதத்தில் சேலத்திலேயே இருந்தாலோ தாராளமாக ஓவர்க்ளாக் செய்து (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி) பார்க்கலாம். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி, கொஞ்சம் நீளமாகவே போகும்.

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பா பையன். அவனிடமும் என்னிடமும் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, இரண்டு ஃபேன் வைத்த சாதாரண மாடல். மே மாதத்தில் ஒருநாள் போன் போட்டு, "ஏண்ணா, நான் கோர்ல 150 மெகாஹெர்ட்ஸ் ஏத்தியும் சூடு எழுபது டிகிரியச் சுத்தியேதான் நிக்குது, உங்களுது ஒண்ணுமே பண்ணாம எண்பதத் தாண்டுதுங்கறீங்க, கார்டு ஏதாச்சும் போயிருச்சா?" என்றான். கார்டுக்கு ஒன்றும் இல்லைடா, அறைதான் வேறு என்றேன். அவன் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கினான், அந்தக் கணக்கையே இங்கேயும் தருகிறேன்.

ஹீட்சிங்க், அதாவது சிப்பின் மேல் உட்காரும் உலோகத் தகட்டு அடுக்கு, செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: சிப்பில் உருவாகும் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது. ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், கார்டு குடிக்கும் வாட்டுக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட அளவு, அறைச் சூட்டுக்கு மேலே சிப்பின் சூடு போய் நிற்கும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ சிப்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். 3060க்கு என்விடியா சொல்லும் மின்சார வரம்பு 170 வாட். இந்த மாதிரி இரண்டு ஃபேன் கார்டு ஒன்று 170 வாட்டில் அறையைவிட 44 டிகிரி மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது வாட்டுக்குக் கால் டிகிரிக்குச் சற்று மேல். ஏற்காட்டில் அறை 24 டிகிரி என்றால் கார்டு 68. சேலத்தில் மே மாதம் அறை 37 என்றால் அதே கார்டு, அதே கேம், அதே செட்டிங், 81. சேலத்துக்காரர்களுக்கு 37 என்பது அதிகமாகவும் தெரியாது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் கத்திரி நேரத்தில் இரவு ஒன்பது மணிக்கும் கான்கிரீட் பகல் வெயிலைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும், அதோடு கார்டு, ப்ராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 300 வாட் சூட்டை அதே அறைக்குள் கொட்டும். ஒரு மணி நேரம் விளையாடினால் அறையே இரண்டு டிகிரி ஏறினாலும் ஆச்சரியமில்லை, அதுவும் கார்டின் கணக்கில்தான் சேரும்.

மலையில் எல்லாமே சாதகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே காற்று லேசு. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. சேலமும் கடலுக்கு மேலே 280 மீட்டர் போல இருப்பதால் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். குளிர்ந்த காற்று கொஞ்சம் கனம் என்பதால் அதில் ஒரு பகுதியை அதுவே திருப்பிக் கொடுத்துவிடும். மொத்தத்தில் ஒரே ஃபேன் வேகத்தில் மலையில் காற்று இழுத்துப் போகும் சூடு லேசாகக் குறையும், இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் அதனால் வராது. 13 டிகிரி லாபத்தில் மூன்று போனால் என்ன, பத்து மிச்சம்.

இனி ஓவர்க்ளாக் விஷயம். பலரும் ஓவர்க்ளாக்கையும் அண்டர்வோல்ட்டையும் (வோல்டேஜைக் குறைப்பதையும்) எதிரெதிர் வேலைகள் மாதிரிப் பேசுகிறார்கள். என் கணக்கில் இரண்டும் ஒரே மூலதனத்தை இரண்டு விதமாகச் செலவு செய்வது. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு வரைகோடு உண்டு, இந்த வோல்டேஜுக்கு இந்த வேகம் என்று. தொழிற்சாலையிலிருந்து வரும் சிப்புகளில் நல்லதும் இருக்கும் சுமாரானதும் இருக்கும், எல்லாமே தகராறு இல்லாமல் ஓடவேண்டும் என்பதால் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு அனுப்புகிறார்கள். 900 மில்லிவோல்ட்டில் ஓடக்கூடிய வேகத்துக்கு 970 கொடுத்து வைத்திருப்பார்கள். அந்தத் தாராளம்தான் நம் கையில் இருக்கும் மூலதனம். ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டின் செட்டிங்கை மாற்றும் மென்பொருளில் கோர் க்ளாக்கில் +120 போட்டால் என்ன ஆகிறது? கோடு மொத்தமும் மேலே நகர்கிறது, ஒவ்வொரு வோல்டேஜிலும் முன்பைவிட 120 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடச் சொல்கிறோம். அண்டர்வோல்ட்டில் அதே கோட்டில், அதே வேகத்தை இடப்பக்கம் குறைந்த வோல்டேஜில் பிடித்து, அதற்கு மேலே போகாதே என்று கட்டிவிடுகிறோம். முதலாவதில் மிச்சம் முழுக்க வேகத்துக்குப் போகிறது, இரண்டாவதில் சூட்டைக் குறைக்கப் போகிறது. அப்படியானால் எந்த ஊரில் எதற்குச் செலவு செய்வது என்பதுதானே கேள்வி?

வேகத்துக்குச் செலவு செய்தால் சேலத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற தாமாகவே 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறங்கும். இது 83 டிகிரியில் திடீரென்று நடப்பது கிடையாது, அதற்கு வெகு முன்பே, கார்டு இன்னும் சுகமாக இருக்கும்போதே ஒவ்வொரு படியாகத் தொடங்கிவிடும். பல கார்டுகளில் வெப்ப வரம்பு 83 டிகிரிக்கு வைக்கப்பட்டிருக்கும், அதைத் தொட்டுவிட்டால் வோல்டேஜையும் வேகத்தையும் சேர்த்தே வெட்டும். இதோடு மின்சார வரம்பு வேறு. சில மாடல்களில் பவர் லிமிட் ஸ்லைடர் நூறு சதவீதத்துக்கு மேல் நகரவே நகராது, நகர்ந்தாலும் பத்து, பன்னிரண்டு சதவீதம். 190 வாட் வரை போனது என்று வைத்தால் மேலே சொன்ன கணக்குப்படி அறைக்கு மேல் 49 டிகிரி. ஏற்காட்டில் 73, ஒரு கவலையும் இல்லை. சேலத்தில் 86. ஆனால் 86க்கு அது போகவே போகாது, 83இல் வெட்டு விழும், ஃபேன் இரண்டும் முழு வேகத்தில் அலறும், நீங்கள் ஏற்றிய 120இல் பாதியை அதுவே இறக்கிவிட்டிருக்கும். சூடான சிப்பில் மின்கசிவும் கூடுதல், அதே வேகத்துக்கு அதே வோல்டேஜில் குளிர்ந்த சிப்பைவிடக் கூடுதல் வாட் குடிக்கும், அந்த வாட் திரும்பவும் சூடு. ஆக கஷ்டப்பட்டு ஏற்றியதை வெயில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

சரி, வெட்டே விழாத குளிர்ந்த அறையில் முழுசாகக் கிடைத்தால்தான் எவ்வளவு? நடுத்தரக் கார்டுகளில் கோரும் மெமரியும் சேர்த்து ஏற்றினால் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு சதவீதம். நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடும் கேம் 63, 64 ஆகும். யாராவது முன்கூட்டிச் சொல்லாமல் மாற்றி மாற்றிக் காட்டினால் எது எது என்று சொல்ல முடியாத வித்தியாசம். நிழல் தரத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் பல கேம்களில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ஒரு டிகிரி செலவில்லாமல். வேலோரண்ட் மாதிரி கேம் என்றால் இன்னும் மோசம், அங்கே முட்டுக்கட்டை ப்ராசசரில்தான் இருக்கும், கார்டை எவ்வளவு ஏற்றினாலும் ஃப்ரேம் அசையாது.

ஓவர்க்ளாக்கை முழுசாக ஒதுக்கச் சொல்லவில்லை. செய்வதே ஒரு சுகம், அதை யாரும் மறுக்க முடியாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் சேலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்தால் அறை 22, 23க்கு வரும், அப்போது ஏற்றிப் பாருங்கள், த்ரீடிமார்க் என்ற சோதனை மென்பொருள் தரும் ஸ்கோரை நண்பர்களிடம் காட்டுங்கள். வெயில் வந்ததும் வேறு ப்ரொஃபைலுக்கு (சேமித்து வைத்த செட்டிங்குக்கு) மாறிக்கொள்ளுங்கள், ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல் சேமிக்க இடம் இருப்பது வேறு எதற்கு?

இப்போது இன்னொரு வழி. வேகத்தை 1800 மெகாஹெர்ட்ஸ் அளவில் கட்டி, வோல்டேஜை 850 மில்லிவோல்ட்டுக்கு இறக்குகிறோம். 3060இன் அதிகாரபூர்வ பூஸ்ட் 1777, நிஜத்தில் கேமுக்குள் 1850ஐத் தாண்டித்தான் ஓடும், ஆக நாம் விட்டுக்கொடுப்பது மூன்று நான்கு சதவீத க்ளாக், ஃப்ரேமில் இரண்டு மூன்று. சேலத்து மே மாதத்தில் அதையும் நாம் உண்மையில் விட்டுக்கொடுக்கவில்லை, ஏனென்றால் எதையும் தொடாமல் விட்ட கார்டு வெயிலில் தானாகவே அந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கும். கிடைப்பது என்ன? சிப் குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜுக்கோ வர்க்கம். 1.05 வோல்ட்டிலிருந்து 0.85க்கு வந்தால் வோல்டேஜால் மட்டுமே சிப்பின் பங்கு மூன்றில் இரண்டாகச் சுருங்குகிறது. மெமரியும் ஃபேனும் குடிப்பது குறையாது, அதனால் மொத்தக் கார்டு 170லிருந்து 125, 130 வாட் பக்கம் வந்து நிற்கும். 128 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அறைக்கு மேல் 33 டிகிரி. 37 டிகிரி அறையில் 70. ஒன்றும் செய்யாத கார்டு ஏற்காட்டில் 68இல் நின்றது நினைவிருக்கட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறாமல் ஏற்காட்டுக்கு இரண்டு டிகிரி பக்கத்தில் வந்துவிட்டோம். ஃபேன் முழு வேகத்தில் அலற வேண்டியதில்லை என்பதால் சத்தமும் இறங்கும், இரவில் வீட்டில் மற்றவர்கள் தூங்குகிற அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஆஃப்டர்பர்னரைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் வரைகோடு வரும், கீழே இடமிருந்து வலமாக வோல்டேஜ், மேலே வேகம். முதலில் கோர் க்ளாக்கை மைனஸ் 200 போல இறக்கி அப்ளை கொடுத்தால் கோடு மொத்தமும் கீழே போகும். பிறகு 850க்கு நேரே இருக்கும் சின்னக் கட்டத்தைப் பிடித்து 1800க்குத் தூக்கி மறுபடியும் அப்ளை கொடுத்தால் அதற்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் அதே உயரத்தில் படுத்துக்கொள்ளும். படுத்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள், வலக்கோடியில் ஒரு கட்டம் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தாலும் கார்டு அந்த வோல்டேஜுக்குப் போய்விடும். கேம் ஓடி சூடு ஏறியதும் 1800 என்று கட்டியது 1785 ஆகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோடே சூட்டோடு ஒரு படி கீழே நகரும். 850இல் உங்கள் சிப் 1800ஐத் தாங்கவில்லை, கேம் மூடிக்கொள்கிறது என்றால் 875க்குப் போங்கள். தாங்குகிறது என்றால் இன்னும் 25 குறைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சிப்புக்கும் வேறு வேறு விடை, அடுத்தவர் எண்ணை அப்படியே அடிப்பதில் அர்த்தமில்லை. ஸ்டார்ட்அப்பில் அப்ளை ஆகும்படி வைக்கும் பட்டனை மட்டும் ஒரு வாரம் தொடாதீர்கள். தாங்காத செட்டிங் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் திறக்கும்போதும் தானாக ஏறி உட்கார்ந்தால் சேஃப் மோடுக்குப் போய்த்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

ஏஎம்டியின் ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆஃப்டர்பர்னர் தேவையில்லை, ஏஎம்டியே தரும் அட்ரினலின் மென்பொருளிலேயே எல்லாம் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600 ஏற்கெனவே 132 வாட் கார்டு, அதில் லாபம் 3060 அளவுக்கு வராது, ஆனால் சும்மா கிடைக்கிற பத்து இருபது வாட்டை ஏன் விடவேண்டும்? அங்கே வோல்டேஜ் ஸ்லைடரில் தெரியும் எண் நேரடி வோல்டேஜ் கிடையாது, கோட்டை எவ்வளவு தள்ளுகிறோம் என்பதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே மிகச் சூடான இடம்) என்று தனியாக ஒரு எண் காட்டும், அது சாதாரண எண்ணைவிட பத்து பதினைந்து டிகிரி மேலே இருந்தால் இயல்புதான். 110 வரை அனுமதி என்று ஏஎம்டி வைத்திருக்கிறது, ஆனால் மே மாதம் 100ஐத் தாண்டினால் நானாக இருந்தால் சும்மா விடமாட்டேன்.

மெமரி தனிக் கதை. இங்கேதான் வெயில் காலத்திலும் ஏதாவது கிடைக்கும். 3060இல் மெமரி 15 ஜிகாபிட் வேகம், பாதை 192 பிட் அகலம், நொடிக்கு 360 ஜிகாபைட் போகும். ஆஃப்டர்பர்னரில் மெமரிக்கு +500 போட்டால் 16 ஜிகாபிட், 384 ஜிகாபைட் ஆகிறது. +1000 தாங்கினால் 408. கூடுதல் மின்சாரம் சில வாட்தான், கோர் வோல்டேஜைக் குறைத்ததில் மிச்சமானது அதைவிடப் பல மடங்கு. ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 128 பிட் கார்டுகளில் பாதை இன்னும் குறுகல், அங்கேயும் இதைச் செய்து பார்ப்பது நல்லது, சிப்புக்குள்ளேயே பெரிய கேஷ் மெமரி இருப்பதால் எல்லாக் கேமிலும் ஒரே மாதிரிப் பலன் தெரியாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இந்த மெமரிகளுக்குத் தவறைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் வசதி உண்டு, அதனால் அளவுக்கு மீறி ஏற்றினாலும் உடனே திரை நின்றுபோகாது. கேம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போய் ஃப்ரேம் குறையும். அதனால் 100, 100 ஆக ஏற்றி ஒவ்வொரு முறையும் ஒரே பெஞ்ச்மார்க் சோதனையை ஓட்டி ஸ்கோரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் ஏறுவது நின்று கீழே திரும்புகிற இடத்துக்கு 200 முன்னால் நிறுத்துவது என் வழக்கம். 3060 தன் மெமரிச் சூட்டை நமக்குக் காட்டாது, அதனால் மே மாதத்தில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வேன். ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற, ஜிடிடிஆர்6எக்ஸ் ரக மெமரி வைத்த கார்டுகள் காட்டும், அவற்றின் மெமரி சேலத்து வெயிலில் எளிதாக நூறைத் தொடும், 110இல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கார்டை வைத்துக்கொண்டு மெமரியை ஏற்றுகிறேன் என்று கிளம்பவே வேண்டாம்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்? அதுவும் ஒரு முடிவுதான். 80, 82 டிகிரியில் கார்டு வெந்துவிடாது, அதற்காகத்தான் அந்த வரம்புகளே வைத்திருக்கிறார்கள். சத்தம் பொருட்டில்லை, அறை வெந்தாலும் பரவாயில்லை, இந்த வரைகோடு சமாச்சாரமெல்லாம் தலைவலி என்றால் ஃப்ரேமுக்கு ஒரு வரம்பு மட்டும் போடுங்கள். உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் 75க்கு மேல் கார்டு வரையும் எந்தப் படமும் உங்கள் கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃப்ரேம் என்ற இடத்தில் ஒரு எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது. லேசான கேம்களில் இது அண்டர்வோல்ட்டைவிடவே அதிகமாகச் சூட்டைக் குறைக்கும். கனமான கேமில் 75ஐத் தொடவே தொடாது, அங்கே இதனால் ஒன்றும் ஆகாது.

ஆனால் இதில் எதைச் செய்வதற்கும் முன்னால் கார்டைத் துடையுங்கள். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் இருப்பவர்களுக்கு இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும். சாதாரணத் தூசி ஃபேன் இறக்கையில் படியும், வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். தறிப் பஞ்சு அப்படி இல்லை. இறக்கைகளுக்கு நடுவே நழுவி உள்ளே போய் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் விளிம்பில் சிக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, மாதக் கணக்கில் ஃபேன் காற்றே அதை அழுத்தி அழுத்தி, ஒரு மெல்லிய போர்வை மாதிரி விரித்துவிடும். வெளியே ஃபேன் பளிச்சென்று இருக்கும். என் கார்டில் ஃபேன் மூடியைக் கழற்றியபோது சாம்பல் நிறத்தில் அப்படி ஒரு படலம், சாமணத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது, ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் கூட இருந்தது. ப்ளோயர் வைத்து ஊதுபவர்கள் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போகும். கருப்பூர் பக்கம் மாக்னசைட் தூசி வேறு ரகம், மாவு மாதிரி, அதற்குப் பெயிண்ட் பிரஷ் போதும். அடைத்துக்கொண்ட ஹீட்சிங்க்கில் வாட்டுக்குக் கால் டிகிரி என்ற என் கணக்கே செல்லாது. பஞ்சு போர்த்திய கார்டை அண்டர்வோல்ட் செய்து சூடு குறைந்தது என்று சந்தோஷப்படுவதைவிட அரை மணி நேரம் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருவது மேல்.

சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். மூன்று நான்கு வருடம் ஓடிய கார்டு, சுத்தம் செய்தும் ஹாட்ஸ்பாட் மட்டும் சாதாரண எண்ணைவிட 25 டிகிரி மேலே நிற்கிறது என்றால் மாற்றலாம். பிரிக்கும்போது மெமரி மேல் இருக்கும் பேட்கள் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) கிழியும், புதிது வாங்கும்போது அதே தடிமன் வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது, முன்பைவிட மோசமாகும். வாரன்டி இருக்கும் கார்டில் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது நம் ஊர் வழக்கம், கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், அது வேலை செய்யும். காற்றோட்டமே இல்லாத கண்ணாடி முகப்பு கேபினட் என்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பதிலுக்கு மாதம் ஒருமுறை பஞ்சு உரிக்க வேண்டிவரும்.

ஏசி போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அறையை 26க்குக் கொண்டுவந்தால் கார்டுக்கு 11 டிகிரி இறங்கும், உண்மைதான். கார்டுக்காக ஏசி போடுகிற ஆள் அடுத்த ரகக் கார்டையே வாங்கியிருக்கலாம். மனிதருக்காகப் போட்டிருக்கிறீர்கள், கம்ப்யூட்டரும் அதே அறையில் இருக்கிறது என்றால் மேலே ஏற்காட்டுக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும், ஏற்றுங்கள்.

விளையாட்டை விட்டு வேலைக்கு வருவோம். சேலத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் நிறைய, அவர்களில் பாதிப் பேர் இந்த மாதிரிக் கார்டில்தான் டாவின்சி ரிசால்வ் ஓட்டுகிறார்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தமும் கத்திரி வெயிலும் ஒன்றாக வரும், கார்டுக்கு வருடத்திலேயே கனமான வேலையும் வருடத்திலேயே சூடான அறையும் ஒரே மாதத்தில். இவர்களுக்கு நான் கோர் ஓவர்க்ளாக்கைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். கேம் நின்றால் திரும்பத் திறந்துகொள்ளலாம். மூன்று மணி நேர ரெண்டரில் (எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுப்பதில்) கடைசிப் பத்து நிமிடத்தில் நின்றால், அல்லது அதைவிட மோசமாக, நிற்காமலே தாலி கட்டுகிற இடத்தில் நாலு ஃப்ரேம் பச்சைக் கட்டமாக வந்து அதை யாரும் கவனிக்காமல் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால்? எடிட்டிங் கம்ப்யூட்டரில் மெமரியையும் ஏற்றாதீர்கள், அண்டர்வோல்ட் மட்டும் போதும், அதிலும் கேமில் தாங்கிய வோல்டேஜுக்கு 25 மில்லிவோல்ட் மேலே வையுங்கள்.

தாங்குகிறதா என்று பார்க்க ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட்டுவது பலர் செய்வது. அது கார்டை மின்சார வரம்பில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கீழே இறக்கிவிடும், நீங்கள் சோதிக்க நினைத்த வேகத்துக்கு அது போகவே போகாது. சூடு எவ்வளவு போகும் என்று பார்க்க அது சரி. நிலைத்து நிற்குமா என்று பார்க்க த்ரீடிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்டில் ஃப்ரேம் சீராக நிற்கும் அளவு 97 சதவீதம் தாண்டுகிறதா பாருங்கள், அப்புறம் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) உள்ள கனமான கேம் ஒன்றை ஒரு மாலை முழுக்க ஓட்டுங்கள். சோதிப்பதை மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குத் தாங்கியது மதியம் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஏற்காட்டுத் தம்பி இதெல்லாம் கேட்டதும், "அப்ப நான் ஏத்துனது சரிதானுங்கண்ணா?" என்றான். சரிதான். அவனுக்குச் சொன்னது இரண்டே விஷயம். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும் வீடு அது, ஓடிக்கொண்டிருக்கும் கார்டு சூடாக இருப்பதால் அதன் மேல் ஈரம் படியாது, நாள்கணக்கில் அணைத்துப் போட்டால்தான் தொல்லை, அதனால் தினம் கொஞ்ச நேரமாவது ஓட்டு என்றேன். அப்புறம், காற்று மழைக்கு மரம் சாய்ந்து கரென்ட் போய்ப் போய் வரும் இடத்தில் பவர் லிமிட்டை உச்சத்துக்குத் தள்ளுவதற்கு முன்னால் அந்தப் பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குக் கரென்ட் கொடுக்கும் பெட்டியை) மாற்று என்றேன். இந்தத் தலைமுறைக் கார்டுகள் மில்லிசெகண்ட் கணக்கில் தங்கள் வரம்பைத் தாண்டி இழுக்கும், ஓவர்க்ளாக் அதைக் கூட்டும், எஸ்எம்பிஎஸ் தாங்காமல் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் பழி கார்டின் மேல்தான் விழும்.

கரென்ட் பில் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: 42 வாட் மிச்சம், தினம் நாலு மணி நேரம், இரண்டு மாதத்துக்குப் பெருக்கினால் பத்து யூனிட். மிக்சி போடுகிற கணக்கு. வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறது, தாண்டினால் விலைப் படி மாறும் என்கிற நிலையில் இருந்தால் மட்டும் அந்தப் பத்து யூனிட்டுக்கு மதிப்பு உண்டு. மற்றபடி பில்லுக்காக இதைச் செய்யாதீர்கள், அந்த அறையில் மே மாதம் உட்காரப் போவது நீங்கள் என்பதற்காகச் செய்யுங்கள்.